பதினாலாவது எபிசோட்

என்னங்க,

நீங்க பாசார்ல காய்கறி வாங்கிட்டு வர்றதுக்குள்ள என்னைக் குருபோங் பேக்டரிக்குக் கூட்டிட்டுப் போற வேன் வந்துரும், அதான் எழுதி வெச்சிட்டுப் போறேன். சோறு குக்கர்ல இருக்கு. மீன் குழம்பைச் சூடு பண்ணிக்குங்க. மதியம் கேஸ்காரர் வருவாரு, காலி கேஸ் தோம்பு பின்வாசல்ல இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். காலையில யூனிபார்ம் அயர்ன் பண்ணிக்கிட்டே டிவியைப் போட்டேன். வேலைவெட்டி இல்லாதவங்க பார்க்கிறதுன்னு நீங்க திட்டுவீங்களே, அந்தக் குடும்பக் காமெடி, அதுல பதினாலு எபிசோட் பார்த்தாச்சுன்னு காட்டுது. வீட்ல இருக்கிறது நம்ம ரெண்டு பேரு. நான் பார்த்தது மூணு. மிச்சத்தைப் பூனையா பார்த்துச்சு?

சந்தேகத்துல அந்தப் பதினாலாவதைப் போட்டேன். புருஷன்காரன் பொண்டாட்டிகிட்ட, "உன் கை பட்டாத்தான் இந்த வீட்ல உப்புக்கே ருசி வருது"ங்கிறான். பிடரியைச் சொறிஞ்சுக்கிட்டே சொல்றான். பின்னாடி கொல்லுனு சிரிப்புச் சத்தம்.

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல உங்க அக்கா முன்னாடி என் சமையலைக் கிண்டல் பண்ணிட்டு, புதன்கிழமை வந்து இதே வார்த்தையைத்தானே சொன்னீங்க? பிடரியைக்கூட சொறிஞ்சீங்க! கல்யாணமான பதினோரு வருஷத்துல நீங்க கேட்ட முதல் மன்னிப்புன்னு நானும் உருகிப்போய் வாவல் மீன் பொரிச்சுக் கொடுத்தேன்.

சாயந்திரம் நான் வந்ததும் அந்த மன்னிப்பைத் திரும்பக் கேளுங்க. சொந்த வார்த்தையில.

ஜெசிந்தா

ரிமோட்டைத் தேடாதீங்க. என் பையில இருக்கு.

மன்னிப்புக் கேக்கிறப்ப நாக்குக் குழறினாலும் பரவால்ல லா.