கறுப்புத் தாளில் வசந்தி

2006 மார்ச் 5, ஞாயிறு

பூச்சி, என் மகளே, காலையில் நல்ல பனி. பத்து மணிக்குத்தான் எதிர் மலை தெரிந்தது. துணி காயவில்லை.

நில்மினி வந்தாள். பதுளை கம்பியூட்டர் வகுப்பில் உன்னோடு படிப்பித்த சிங்களப் பிள்ளை. நீ போன பிறகும் என்னை மறக்கவில்லை. ரொட்டி, கட்டச் சம்பல். "அய்யோ காரம் அம்மே, காரம்" என்றாள். தின்பதை மட்டும் நிறுத்தவில்லை.

உன் கம்பியூட்டர் பெட்டியைத் தூசி தட்டிப் போட்டுப் பார்த்தாள். ஐப்பசிக்குப் பிறகு இன்றைக்குத்தான் அதற்கு உயிர். உள்ளே உன் பெயரில் ஒரு இடம். அதற்குள் ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரைக்கும் நம்பர். முதலாவதைத் திறந்தாள்.

"அம்மே, இது தமிழ். நான் தமிழ் பேசுற, வாசிக்கத் தெரியாது. என்னா எழுதி இருக்கு?"

வகுப்புப் பாடம் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய் எழுத்துக் கூட்டினேன். 'பதுளையில் கடைசி ரயில் நின்றபோது வசந்தியின் கையில் இருந்தது அவளுடைய பை இல்லை.'

கதை! அடியே, நீ கதை எழுதினாயா? தட்டுத் தட்டு என்று தட்டிக்கொண்டிருப்பாய், லைட்டை அணைத்துவிட்டுப் படு என்று ஏசுவேன். ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சந்தோஷத்தில்தான்.

எங்கே அமத்த வேண்டும், எப்படி இறங்க வேண்டும் எல்லாம் காட்டினாள். பதுளையில் அச்சடித்து வர ஒரு பிளொப்பியில் பிடித்துப் போனாள். பொறுமை இல்லை எனக்கு. நாளைக்கே தொடங்குவேன்.

மார்ச் 6, திங்கள்

வெயில். கடையில் வாங்க மறந்தது: சவுக்காரம், நெருப்புப்பெட்டி.

சோறு வடித்துவிட்டு உட்கார்ந்தேன். வீட்டு பல்ப் மின்மினி மாதிரி, உன் பெட்டி சூரியன் மாதிரி. அந்த வெள்ளைத் தாள் கண்ணுக்குள் ஊசி குத்துகிறது. ஒப்பரேசன் செய்த கண் வேறு. நாலு வரி வாசித்தால் தண்ணீர் கொட்டுகிறது. துடைக்கிறேன், மறுபடி நாலு வரி.

லயத்து வரிசையில் அடுத்த காம்பிரா வீட்டுக்காரி ராமாயி எட்டிப் பார்த்தாள்.

"அஞ்சலக்கா, அழுவுறியா?"

"இல்லடி, வெளிச்சம்."

"ஆமா ஆமா, வெளிச்சம்."

நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

பாகம் 1 முடித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே வசந்தியின் அம்மாவைச் சாகடித்துவிட்டாய். அம்மா போய்விட்டாள், மகள் இருக்கிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும். அதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய்.

மார்ச் 7, செவ்வாய்

மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. வசந்தியின் பை மாறிப்போனதைச் சொன்னேன். மாறி வந்த பைக்குள் ஆம்பிளைச் சட்டை ஒன்று, இரும்புச் சாவி ஒன்று, சாவியில் கட்டிய அட்டையில் பண்டாரவளை என்று மட்டும்.

நிரை முழுக்க ஒரே சத்தம்.

"சட்டையில ரத்தம் இருந்துச்சா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப புருசன் சட்டை. பொண்டாட்டி தெரத்தி விட்டிருப்பா" என்றாள் ராமாயி.

கறுப்பையா கங்காணி மேலே நின்று கத்தினார். "கொழுந்து எடுக்குறீங்களா, கதை எடுக்குறீங்களா?"

"ரெண்டும்தாங்க!"

என் கூடை பாதிதான். கவலை இல்லை.

மார்ச் 9, வியாழன்

நில்மினி கடை போனுக்கு எடுத்தாள். அச்சடித்தது வரவில்லையாம். உன் தமிழ் எழுத்து உன் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறதாம். பதுளைக் கடையில் திறந்தால் முழுவதும் இங்கிலீசு எழுத்து, புள்ளி, கோடு. அர்த்தமே இல்லை. எழுத்தையும் பிடித்துக்கொண்டு போகப் பார்க்கலாம், நாள் எடுக்கும் என்றாள். கண் குத்துகிறதைச் சொன்னேன்.

"அதுக்கு வழி இருக்கு அம்மே. தாளைக் கறுப்பாக்கலாம். ஞாயிறு வாறேன்."

தாளைக் கறுப்பாக்கினால் எழுத்து எங்கே தெரியும்? கேட்டேன், சிரித்தாள்.

ஞாயிறு வரைக்கும் யார் இருப்பது? கிரகணம் பார்ப்பது போல் எக்ஸ்றே படத்தை முன்னால் பிடித்தால் என்ன என்று தோன்றிற்று. ஆஸ்பத்திரிக் கவரில் இருந்ததை எடுத்துப் பெட்டிக் கண்ணாடி மேல் ஒட்டினேன். கண் குளிர்ந்தது. நன்றாகவே வாசிக்க முடிந்தது. ஒரு பக்கம் போன பிறகுதான் வரிக்கு மேலே விலா எலும்பு தெரிந்தது. உன்னுடையது.

கழற்றிக் கவருக்குள் வைத்துவிட்டேன். சமைக்கவில்லை. தேத்தண்ணி.

மார்ச் 12, ஞாயிறு

கறுப்பாக்கியாயிற்று!

நில்மினி வந்த கையோடு உட்கார்ந்தாள். தாளுக்குக் கறுப்பு, எழுத்துக்கு வெள்ளை, எழுத்தைப் பெரிதாகவும் ஆக்கினாள். ஒரு நொடி. எனக்கு ஐந்தாம் வகுப்பு ஞாபகம். கரும்பலகையில் வெண்கட்டி. நான் எழுத்துப் படித்ததே அப்படித்தானே. கடகடவென்று வாசித்தேன். நில்மினி கை தட்டினாள்.

ஒன்பதையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். முதலாவதுக்குப் பிறகு நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஏன் அம்மே?"

"கண்ணுல பட்டுட்டா கதை தெரிஞ்சிருமே."

"அப்போ பண்டாரவளைக்குப் போனாளா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க!" சாவிக் கதையைச் சொல்லியிருந்தேன், அவளுக்கும் பிடித்துவிட்டது.

ராமாயி வந்து பார்த்தாள். "என்னக்கா, டிவி கெட்டுப்போச்சா?"

இன்றைக்கே பா. 2, பா. 3. வசந்தி தனியாகப் பண்டாரவளை பஸ் ஏறிவிட்டாள். தெரியாத ஆள் வீட்டுச் சாவியோடு. புத்தி இருக்கிறதா அந்தப் பிள்ளைக்கு? நானாக இருந்தால் ஸ்டேசன் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அப்புறம் கதை ஏது?

மார்ச் 13, திங்கள்

பகலில் தூறல், அட்டைக்கடி. மலையில் பா. 3 வரை சொன்னேன். கங்காணி காலையில் பேர் பதியும் பெரட்டில் வைத்தே கேட்டார், "என்னா அஞ்சல, அந்தச் சட்டைக்காரன் வந்தானா?" எல்லோரும் சிரித்ததும் முறைத்தார்.

சாயங்காலம் பா. 4. பா. 5. வசந்தி வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். சாவி பொருந்துகிறது. உள்ளே அடுப்பில் சுடுதண்ணீர் கொதிக்கிறது, ஆள் இல்லை. இதெல்லாம் எங்கே படித்தாய் நீ?

கண் குத்தவில்லை. ஆனாலும் தண்ணீர் வருகிறது. இதற்கு நில்மினியைக் கூப்பிட முடியாது.

பா. 6 திறந்தேன். மவுஸ் கை தவறிக் கீழே மூலையில் சின்னப் படம் ஒன்றில் பட்டது.

போயிற்று.

கறுப்பு இல்லை. எழுத்தும் இல்லை. வெறும் வெள்ளைத் தாள். மேலே போனேன், கீழே போனேன். வெள்ளை. ஒரு எழுத்து இல்லை.

என்ன செய்துவிட்டேன் பூச்சி. அழித்துவிட்டேனா?

பெட்டியை நிறுத்தப் பயம். நிறுத்தினால் முழுதும் போய்விடுமோ. அப்படியே விட்டு மேலே சேலையைப் போட்டு மூடியிருக்கிறேன். கரண்ட் போகக் கூடாது. மாரியாத்தா, கரண்ட் மட்டும் போகக் கூடாது.

மார்ச் 14, செவ்வாய், போயா

விடிந்ததும் கடைக்கு ஓட்டம். செருப்பு மாற்றிப் போட்டிருந்தேன். நில்மினிக்குப் போன். அழுததில் என் பேச்சு எனக்கே விளங்கவில்லை.

"பய வென்ன எபா அம்மே. ஒன்னும் தொட வேணாம். வாறேன்." பயப்படாதே என்றாள், அது மட்டும் காதில் விழுந்தது.

பௌர்ணமிப் போயாவுக்கு பன்சலையில் புத்தரைக் கும்பிடப் போகிற வெள்ளைச் சட்டையோடு அப்படியே வந்தாள். ராமாயியும் பின்னால் வந்து வாசலில் நின்றாள். நான் சேலையை எடுத்தேன். கரண்ட் போகவில்லை. தாள் அப்படியே வெள்ளை.

நில்மினி மவுஸைத் தாளின் மேலே வைத்து அமத்திக் கீழே இழுத்தாள். இழுத்த இடமெல்லாம் கறுப்பு ஓடிற்று. கறுப்புக்குள் எழுத்து! வரி வரியாக, எல்லாம்!

"வெள்ளைத் தாளில வெள்ளை எழுத்து அம்மே. தாள் மட்டும் பழைய கலர் ஆகிட்டு. எழுத்து எங்கயும் போகல்ல."

அங்கேயேதான் இருந்திருக்கிறது. விடிய விடிய நான் அழுத நேரமெல்லாம் அங்கேயேதான்.

நில்மினியைக் கட்டிப் பிடித்ததில் அவள் வெள்ளைச் சட்டையெல்லாம் அடுப்புக்கரி. ராமாயி கத்தினாள், "அக்கா, ஆறாம் பாகம் இருக்குல்ல? அப்ப வாசி, சத்தமா!"

வாசித்தேன். இரண்டு பேருக்கும். நில்மினிக்கு விளங்காத சொல்லை ராமாயி சிங்களத்தில் சொன்னாள், அவள் சிங்களத்துக்கு நில்மினி விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டைக்காரன் வந்துவிட்டான்! கெட்டவன் இல்லை போலிருக்கிறது. முதலில் 'தேத்தண்ணி குடிக்கிறீங்களா' என்று கேட்கிறான்.

அந்த மூலைப் படத்தின் பக்கம் இனிக் கை போகாது.

மார்ச் 17, வெள்ளி

மழை. முழங்கால் வலி, தைலம்.

பா. 7, பா. 8 மலையில் சொல்லியாயிற்று. இரண்டு கட்சி. சட்டைக்காரனை வசந்தி கட்டுவாள் என்று ஒரு கட்சி, அவன் ஏமாற்றுக்காரன் என்று ராமாயி கட்சி. கங்காணி ராமாயி கட்சி. நிறுவையில் நிற்கும்போதும் அதே சண்டை. கீழ் லயத்துப் பிள்ளைகளும் என் நிரைப் பக்கமாக வந்து கொழுந்து எடுக்கிறார்கள்.

"யாரு எழுதுன கதை?" என்று அதில் ஒருத்தி கேட்டாள்.

"எம் மக சுமதி" என்றேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு உன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது.

பா. 9 மட்டும் பாக்கி. நாளைக்கு வைத்திருக்கிறேன். தீரப்போகிறதே என்று ஒரு பக்கம், தெரிய வேண்டுமே என்று ஒரு பக்கம்.

மார்ச் 18, சனி

குளித்து, தலை சீவி, வந்து உட்கார்ந்தேன். கோயிலுக்குப் போவது போல்.

பா. 9. சின்னது. ஒரு பக்கம்தான். பண்டாரவளை வீட்டில் வசந்தி மட்டும். சட்டைக்காரன் பாண் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறான். வெளியே மழை. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவன் தட்டுவது போல் இல்லை, மெதுவாக. வசந்தி கையில் விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு போகிறாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே போகிறேன்.

'கதவைத் திறந்து, வெளியே நின்ற ஆளைப் பார்த்ததும் வசந்தி கட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்து,'

கமா.

அதற்குப் பிறகு கறுப்பு. ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி நிற்கிறது.

நில்மினி காட்டிய மாதிரி மவுஸை அமத்திக் கீழே இழுத்துப் பார்த்தேன். எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்று. இழுத்தேன், இழுத்தேன். ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில்கூட நீ இதில் தட்டிக்கொண்டுதான் இருந்தாய். பஸ் வந்துவிட்டது, எழும்பு என்று நான்தான் கூப்பிட்டேன்.

ராமாயி சுவரைத் தட்டுகிறாள். "அக்கா, முடிஞ்சுதா? யாரு வந்தது? சொல்லு, எனக்குத் தூக்கம் வராது!"

என்ன சொல்ல அவளுக்கு? ஆனால் வசந்தி பயந்து ஓடவில்லை, சிரித்தாள். அது வரைக்கும் எனக்குத் தெரியும். தெரிந்த ஆள். பிடித்த ஆள்.

வசந்தி யாரைப் பார்த்துச் சிரித்தாள், பூச்சி?