பல் முளைக்கிறது என்றாய்

முத்தரசிக்கு,

நான் நலம். நீயும் அத்தையும் சுகமா? காலையிலிருந்து நீ போனை எடுக்கவில்லை, அதனால் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன்.

இங்கே மலேசியாவில், கூலாயில் நல்ல மழை. எங்கள் குவாட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டி கலங்கிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. பக்கத்து வீட்டு ஷர்மினியின் கைக்குழந்தைக்குத்தான் வயிற்றுப்போக்கு. தண்ணீரிலிருந்த ஒட்டுண்ணி என்றார் டாக்டர்.

"பல்லு முளைக்குதுன்னு விட்டுட்டோம் லா. தண்ணி கொடுத்தா இன்னும் போகும்னு கொடுக்கல. கடைசியா அழுதப்ப கண்ணீரே வரல," என்றாள் ஷர்மினி. நேற்று அடக்கம் செய்தோம்.

நம் நிலவனுக்கும் வயிறு போவது பல் முளைப்பதால் என்றுதானே சொன்னாய்? தண்ணீரை நிறுத்தாதே, கொதிக்கவைத்து ஆற்றிக் கொடு. அவன் சிரிக்கிற போட்டோ ஒன்று அனுப்பு.

நீ அனுப்பிய வீடியோவை இப்போது மறுபடி பார்த்தேன். வாய்விட்டு அழுகிறான், கன்னம் காய்ந்திருக்கிறது. முத்தரசி, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

இருளப்பன்