பவழந்தீவில் மன்னர் பந்தாட நிலம் தேர்ந்தது

அலை எவ்வளவு அரித்தாலும் கரை குறையாத பவழந்தீவும், அதன் தென்னைகளும் தோணிகளும், அவற்றை நம்பி வாழும் குடிகளும் நலம் பெருகி வாழ்க. வெண்குன்ற நாட்டு மன்னர் செங்கண்ணரையரின் தேவியும், அவர் நோயுற்ற நாள்முதல் அரசிருக்கை காப்பவளுமாகிய ஆதிரைநாயகி, தீவின் காவலர் பொறையனார்க்கு விடுக்கும் ஓலை. நாம் நலம். மன்னரும் நலமென்று எழுதவே ஆசை, கை வரவில்லை.

ஓய்வுக்கெனத் தங்கள் தீவுக்கு வரும் மன்னர் குழிப்பந்து ஆடுதற்கு எந்நிலம் உகந்ததென்று கேட்டிருந்தோம். தென்பாறை மேட்டில் புல் வளர்த்து, வாழை நட்டு, முரசு கட்டி, குடிகள் நின்று காணப் பந்தலும் இட்டிருப்பதாகத் தாங்கள் மறுமொழி விடுத்தீர்கள். தங்கள் அன்பை அறிவோம். ஆயினும் அந்நிலம் வேண்டாம். தாங்கள் முகம் வாடுவது இங்கிருந்தே தெரிகிறது. ஆகவே காரணமும் சொல்கிறோம்.

வளைகோலால் பந்தடித்துத் தொலைவிலுள்ள குழியில் வீழ்த்தும் அவ்வாட்டத்தில், மன்னர் பந்து விழுந்த இடத்தைத் தாண்டி எவர் பந்தும் விழலாகாது என்பது நம் அவையின் பழைய வழக்கம். மன்னர் கை வலுவாயிருந்த காலத்தில் அதனால் எவர்க்கும் இடர் இல்லை. கடுஞ்சுரம் வந்து வலக்கை தளர்ந்தபின் அவர் பந்து சிறிது தொலைவே போயிற்று. உடனே அமைச்சரெல்லாம் அதனினும் குறைவாக அடிக்கத் தலைப்பட்டனர். மதயானையை அடக்கும் நம் படைத்தலைவர், குழந்தையைத் தட்டி உறங்கவைப்பவர்போல் பந்தைத் தட்டினார். மன்னர் அதைப் பார்த்தார். கை வலிக்கிறது என்று மொழிந்து கோலைக் கீழே வைத்தார். வலித்தது கையன்று என்பதை நாம் அறிவோம்.

அதன்பின் அவர் கோலைத் தொடவில்லை. ஆட்டாமல் வைத்த கை மழைக்காலத்துக்குள் மரத்துப்போகும் என்று மருத்துவர் உரைத்துவிட்டார். எமக்கு அச்சமாயிருக்கிறது, பொறையனாரே. அரசியென்பதால் அச்சம் இல்லாமற் போய்விடுமா?

முரசும் பந்தலும் உள்ள மேட்டில் அப்பழைய வழக்கமும் கூடவே வந்து நிற்கும். வடக்கே உப்பங்கழியின் கரையில் உள்ள நிலத்தையும் எண்ணிப்பார்த்தோம். அங்கே பந்து நீரைக் கடக்க வேண்டும். தளர்ந்த கைக்கு அது ஆகாது. தங்கள் ஓலையின் கடைசியில், நாற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கருவாடு காயும் மணலுக்குப் பின்னே ஒரு கரடுநிலம் உண்டென்றும், தோணி கரையேறிய பிற்பகல்களில் மீனவர் அங்கே குழிப்பந்து ஆடுவரென்றும் குறித்திருந்தீர்கள். கயலி என்னும் வலைக்காரி அங்கே ஆண்களையெல்லாம் வென்று, வென்றபின் வாய்விட்டுக் கேலியும் செய்வாளென்று எழுதி, அவளை மன்னர் கண்ணில் படாமல் மறைத்துவைப்பதாகவும் உறுதி தந்திருந்தீர்கள். அவளை மறைத்துவிடாதீர்கள், அவளுக்காகவே அந்நிலத்தைத் தேர்ந்தோம்.

ஆகவே நாம் இடும் ஆணை: பந்தலைப் பிரித்து, முரசைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுக. கரடுநிலத்தில் ஒரு புல்லையும் திருத்தற்க. மேயும் ஆடுகளையும் விரட்டற்க. மன்னர்க்கு எதிராகக் கயலி ஆடுக. ஆட வந்தவர் மன்னரென்று அவளுக்குத் தெரிந்தால் தெரியட்டும், பந்துக்குத் தெரியவேண்டாம். அவள் தன் முழுவலியோடு அடிக்க வேண்டும். மன்னரைக் கேலி செய்தாளாயின் எவரும் அவள் வாயை அடைக்கலாகாது. அடைப்பவரை நாம் பொறுக்கமாட்டோம். நம் அவையின் பழைய வழக்கம் தங்கள் துறையில் கப்பலைவிட்டு இறங்காது என்று இதனால் அறிவிக்கிறோம்.

இவ்வோலையை மன்னர் அறியார், அறிவிக்கவும் வேண்டா. குன்றும் பிறையும் பொறித்த நம் அரக்கு முத்திரை இட்டோம். கண்டவாறே செய்து, கடலும் குடியும் காத்து நெடிது வாழ்க.

மன்னர் தோற்றால் என் செய்வதென்று தாங்கள் நடுங்கக்கூடும். தோற்கட்டும். நம் மணம் முடிந்த புதிதில், அரண்மனைத் தோட்டத்தில் எவரும் காணாதபோது, நாம் அவரை ஒருமுறை வென்றோம். மறுநாள் பொழுது விடியுமுன் கோலும் கையுமாய் வந்து நம் கதவைத் தட்டினார்.