எந்த நாட்டுக்கு ஓடுறே சலோமி

9-1-1978
கடற்கரை மணல்ல ஓடி ஓடிக் கெண்டைக்கால் கல்லாட்டம் கிடக்கு. சோமசேகரன் சார் விடுறதா இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு டிரில் மாஸ்டரா இருந்தவர், இப்பவும் என் எண்ணூறு மீட்டர்தான் அவருக்கு உசுரு. எனக்குத் தூக்கம்தான் உசுரு.

26-2-1978
பெங்களூரில் இரண்டாவதா வந்தேன்! கொழும்புப் போட்டிக்கு, இந்தியாவுக்காக, என் பேரைச் சொல்லிட்டாங்க. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம்னு மீனைக்கூடத் தொடாம ஓடினவ நான்.

14-3-1978
இந்தியப் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். எனக்கு எங்கிருந்து வரும்? அப்பா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், எங்க ஊர்ப் பேச்சில் சொல்தா. அறுபத்திரண்டில் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோட சேர்ந்து, எந்த நாடு வேணும்னு கேட்டப்ப பிரான்சுன்னு எழுதிக் கொடுத்துட்டார். ஏழு வயசுப் பிள்ளை நானும் பிரான்சுக்காரி ஆயிட்டேன். காரைக்காலில் எத்தனையோ வீடு இப்படித்தான். பாண்டிச்சேரி அணிக்கு ஓடினப்ப யாரும் கேட்கலை. எனக்கும் சொல்லத் தோணலை. பிறந்தது விழிதியூர், தின்னது இந்த ஊர்ச் சோறு. பிரான்சை நான் காலண்டர் படத்தில்தான் பார்த்திருக்கேன்.

15-3-1978
பேரை எடுத்துட்டாங்க.

2-6-1978
பிரெஞ்சு நேஷனாலிட்டியை விட்டுட்டு இந்தியாக்காரி ஆகப்போறேன்னு வீட்டில் சொன்னேன். அம்மா தலையில் அடிச்சுக்கிட்டாங்க. "அதை வச்சுத்தானேடி அருளானந்தம் வீட்டில் நகை நட்டுக் கேட்காம உன்னை எடுக்கிறாங்க! கட்டிக்கிட்டா அவனும் பிரான்சு போகலாம்." அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சார். "பிரான்சு சோறு போட்டுச்சும்மா"ன்னு மட்டும் சொன்னார். அவரைப் பார்க்கப் பாவமா இருந்தது. ஆனா ஓடுறது நானா, அவரா? மனு போட்டுட்டேன்.

30-6-1978
அருளானந்தம் வீட்டார் வந்தாங்க, காபியைக்கூடத் தொடாம எழுந்து போயிட்டாங்க. வாசல்படி இறங்கும்போது அவன் திரும்பியே பார்க்கலை. என்னைத்தான் பிடிச்சிருக்குன்னு நெனச்சேனே, சீ!

11-8-1980
மனு டெல்லியில் இருக்காம். போன வருஷமும் அங்கேதான் இருந்தது. இந்தியாக்காரி ஆகிற வரைக்கும் பாண்டிச்சேரி அணியிலும் இடமில்லை. தனியா ஓடுறேன்.

சாருக்கு மாஹிக்கு மாற்றல். பஸ் ஏறும்போது, "ஓட்டத்தை மட்டும் விட்டுடாத சலோமி" என்றார். "யாருக்காக சார் ஓடுறது?" என்று கேட்டுவிட்டேன். பெட்டியைச் சரிபண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

19-2-1983
ஓடி ஓடி வீங்கின முழங்கால் இன்னும் வடியலை. நாகப்பட்டினம் டாக்டர் ஓடக்கூடாதுங்கிறார். ரொம்ப சந்தோஷம் டாக்டர். அழுகைகூட வரலை, அலுப்பாத்தான் வருது.

7-5-1984
பேப்பரில் படம். பெங்களூரில் எனக்குப் பின்னால் மூன்றாவதா வந்த பெண், மார்பில் 'இந்தியா'. வயிறு எரிஞ்சது. பொய் எதுக்கு, நல்லாவே எரிஞ்சது.

3-11-1986
கூப்பிட்டுவிட்டாங்க. ஆபீசில் உறுதிமொழி வாசிக்கச் சொன்னாங்க, வாசிச்சேன். இன்னையிலிருந்து நான் இந்தியப் பிரஜை.

குமாஸ்தாவுக்கு ஆச்சரியம் தாங்கலை. "பிரெஞ்சு நேஷனாலிட்டிக்கு ஊரே அலையுது, நீங்க என்னத்துக்கும்மா விட்டீங்க?"

"ஓடுறதுக்குங்க" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். மாடிப்படி ஏறினதில் வலி. சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னுக்கிட்டிருந்தேன். உள்ளே போய் நாற்காலி எடுத்துவந்து போட்டார்.

"உட்காருங்கம்மா."

உட்கார்ந்தேன்.