கல்யாண நாளுக்கு ஒரு தீவு

நவம்பர் 9, ஞாயிறு. ஹட்டன்.

பின்னேரம் மழை. துணி எதுவும் காயவில்லை. அயன் பண்ணியே காய வைத்தேன்.

எடுத்து வைத்தவை: ஸ்வெட்டர் இரண்டு, கல்யாணச் சேலை (இவர் கேட்டார்), தைலம், சம்பல் ஒரு போத்தல், பிஸ்கட், லீவுக் கடிதத்தின் பிரதி. அந்த லீவுக்காக வலயக் கல்வி அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன். உல்லாசப் பயணம், கணவருடன், திரும்பி வருவேன் என்று எழுதிக் கையெழுத்து.

பதினைந்தாவது கல்யாண நாள். கொரியாவில் ஜேஜு என்று ஒரு தீவு. இதுவரை நாங்கள் சேர்ந்து போன தூரம் கண்டி. தோட்டத்து ஆபீஸில் ஆள் குறைத்து இவரை வீட்டுக்கு அனுப்பி இரண்டு வருடமாகிறது. அதன் பிறகு இவர் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. இப்போது இது. கினிகத்தேனையில் ஒரு ஏஜென்ட், பதினொரு பேர் கொண்ட குரூப். அந்தத் தீவுக்கு மட்டும் விசா வேண்டாமாம். செலவைப் பற்றிக் கேட்டதற்கு, "ஒரு தடவையாச்சும் கேள்வி கேக்காம வா, ஜெயந்தி" என்றார்.

கேட்கவில்லை.

மகள் நிவேதாவைக் காலையில் ராகலைக்கு அனுப்பியாயிற்று. தங்கச்சி மாலா பார்த்துக்கொள்வாள்.

நவம்பர் 10, திங்கள்.

வேன் நாலு மணி நேரம். வாந்தி இல்லை. கினிகத்தேனையில் ஏஜென்ட் ஏறி, பாதித் தூரம் கூட வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு. ஒரு தாள் கொடுத்தார். எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எந்த ஹோட்டல், ஊரில் என்ன வேலை. பதில்களும் அதிலேயே. என்னைப் பார்த்து, இவருக்கு இங்கிலீஷ் தடுமாறும், நீங்களே பேசுங்கள் டீச்சர், நீங்கள் பேசினால் கணக்காக இருக்கும் என்றார். எனக்குப் பெருமைதான். பொய் சொல்வானேன்.

குரூப்பில் தெரிந்த முகம் ஹட்டன் புடவைக்கடை ஜலீல் நானாவும் அவர் மனைவியும் மட்டும். பிள்ளைகள் அனுப்பி வைத்தார்களாம்.

சிங்கப்பூரில் விமானம் மாற வேண்டும். தூக்கம் வரவில்லை.

நவம்பர் 11, செவ்வாய். ஜேஜு.

வெயில் இருக்கிறது, ஆனால் குளிர். காற்று ஆளைத் தள்ளுகிறது. நுவரெலியாக் குளிர் மாதிரி இல்லை. இதில் உப்பு.

குடிவரவு மேசையில் இளம் அதிகாரி. எங்களுக்கு முன்னால் தனியாக வந்த ஒரு பையனை ஓர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினைந்து வருடத்தில் நாலு பேர் பார்க்கக் கையைப் பிடித்ததே இல்லை. நான் பேசினேன். கல்யாண நாள் என்றேன். அரசாங்க ஆசிரியை என்றேன். கேட்காமலேயே நிவேயின் படத்தைக் காட்டினேன். அதிகாரி சிரித்துவிட்டு ஏதோ வாழ்த்துச் சொல்லி முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் இவர் கண் கலங்கியிருந்தது. என்னங்க என்றேன். காற்று என்றார்.

எங்கும் கறுப்புக் கல். எரிமலைக் கல்லாம். வயலுக்கு, வீட்டுக்கு, கல்லறைக்குக்கூட அந்தக் கல்லிலேயே வேலி. சாந்து கிடையாது. ஓட்டை வழியாகக் காற்று போய்விடும், அதனால் விழாது என்றாள் வழிகாட்டிப் பெண். பெயர் ஹான். முப்பது வயது இருக்கும். நல்ல இங்கிலீஷ். அரை மணிக்கு ஒரு தடவை எங்களை எண்ணுகிறாள்.

வேலிக்கு அந்தப் பக்கமெல்லாம் தோடம்பழத் தோட்டம். மரம் தெரியாமல் ஆரஞ்சு நிறத்தில் காய்த்திருக்கிறது.

நவம்பர் 12, புதன்.

கடலோரம். கடலிலிருந்து எழுந்த மாதிரி ஒரு மலை, உச்சியில் பெரிய பள்ளம். சூரியன் உதிப்பதைப் பார்க்க ஏறுவார்களாம். நாங்கள் போனது பத்து மணிக்கு. படியோ படி. ஜலீல் நானாவின் மனைவி பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணச் சேலை கட்டச் சொல்லி இவர் காலையிலேயே ஒற்றைக்காலில் நின்றார். மேலே ஸ்வெட்டர், கீழே பட்டு. உச்சியில் இவர் என்னை விதவிதமாக நிற்க வைத்துப் படம் எடுத்தார். வேற்றாளிடம் போனைக் கொடுத்து இருவருமாக எடுத்துக்கொண்டோம். கொரியக் கிழவிகள் நாலு பேர் கைதட்டினார்கள். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும்.

கீழே கரையில் கடலில் மூழ்கும் பெண்கள். எல்லாம் அறுபது எழுபது வயது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள், சிப்பி சங்கோடு மேலே வருகிறார்கள். வரும்போது ஒரு விசில் சத்தம். அடக்கிய மூச்சை விடும் சத்தமாம். புருஷன்மார் என்ன செய்வார்கள் என்று நானா கேட்டார். முன்பெல்லாம் வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்ப்பார்கள் என்றாள் ஹான். எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மீன் சூப். காரம் போதாது. சம்பல் கைகொடுத்தது.

நவம்பர் 13, வியாழன்.

காலை தேயிலைத் தோட்டம். இங்கேயும் தேயிலை. சமதரை, வெட்டிவிட்ட மதில் மாதிரி வரிசை. கூடையோடு ஒரு பெண்ணைக்கூடக் காணோம். மெஷினால் வெட்டுவார்களாம். செடிக்கு நடுவில் வெள்ளைத் தொப்பிப் பெண்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். பச்சை ஐஸ்கிரீம். என் அம்மா முப்பத்தி நாலு வருடம் கொழுந்து எடுத்தவர். தேயிலைக்கு நடுவில் நின்று எடுத்த படம் அவருக்கு ஒன்றுகூட இல்லை.

பிறகு ஹல்லா மலை. உச்சிக்கு இல்லை, சின்னப் பாதை. பாதியில் மழை பிடித்து மூன்று மணிக்கே ஹோட்டல்.

முழங்காலுக்குத் தைலம் தேடி இவர் பையைத் திறந்தேன்.

பைக்குள்: ரப்பர் பூசிய கையுறை நாலு சோடி. கம்பளி உள்ளாடை. சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழ், பிளாஸ்டிக் உறையில். ஆறு மாதத்துக்குப் பிரஷர் மாத்திரை. கொரிய எழுத்தில் ஒரு துண்டு, அடியில் போன் நம்பர். எங்கள் வீட்டுச் சுவரில் சட்டத்துக்குள் இருந்த குடும்பப் படம், சட்டம் இல்லாமல்.

எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்தேன். குளித்துவிட்டு வந்தவர் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஒருத்தர் வண்டியோட வருவாரு" என்றார். "தோடம்பழம் ஆயுற வேலை. அது முடிஞ்சா வேற வேலை தருவாங்க."

"அப்ப நானு?"

"நீ குரூப்போட போயிரு. உனக்கு அரசாங்க வேலை இருக்கு. ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

கல்யாண நாள் என்று சொன்னீர்களே என்றேன்.

"தனி ஆம்பளைய உள்ள விட மாட்டாங்க ஜெயந்தி. புருஷன் பொண்டாட்டியா வந்தா கேள்வி கம்மின்னு ஏஜென்ட் சொன்னாரு. நீ பேசினதாலதான் விட்டாங்க."

பிடித்த கை, பட்டுச்சேலை, படம், எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன். திருப்பித் திருப்பிக் கேட்டேன். கடைசியில் வேறு ஒன்று சொன்னார்.

"ரெண்டு வருசமா உன் சோத்தைத் திங்கிறேன். நீ ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதைத்தான் தாங்க முடியல."

சொல்லியிருந்தால் இருந்திருப்பாராம். சொல்லாததால் போகிறாராம். இதற்கு என்ன பதில் எழுதுவது.

நான் சொன்னதில்லை என்பதும் முழு உண்மை இல்லை. காலையில் மேசையில் சாமான் லிஸ்ட் வைத்துவிட்டுப் போவேன். மாலை வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏழு மணிக்குக் கீழே போனேன், ஹானிடம் சொல்லிவிடுவது என்று. ஓர் ஆள் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். போனில் அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தாள் போல. என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டு எழுந்து, என்ன வேண்டும் என்று கேட்டாள். சுடுதண்ணீர் வேண்டும் என்றேன். அவளே பிடித்துக் கொடுத்தாள்.

நவம்பர் 14, வெள்ளி.

வெயில். நல்ல நாள். கண்றாவி.

நகரத்துக்குள் பழைய ஆளுநர் மாளிகை. சிவப்புத் தூண், வளைந்த ஓடு, பெரிய முற்றம். முற்காலத்தில் அரசனுக்குப் பிடிக்காதவர்களை இந்தத் தீவுக்குத்தான் நாடு கடத்துவார்களாம். பிறகு இருநூறு வருடம், தீவு மக்கள் யாரும் அனுமதியில்லாமல் தீவை விட்டுப் போகக் கூடாது என்று தடை. வரி கட்டவும் வேலை செய்யவும் ஆள் வேண்டுமே. ஹான் சிரித்துக்கொண்டே சொன்னாள். தோட்டத் தொழிலாளியின் பேத்தி நான், எனக்குப் புதிதில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

இவர் காலையில் என்னோடு பேசவில்லை. நானும். டீ மட்டும் ஊற்றிக் கொடுத்தேன். பழக்கம்.

பத்தே முக்காலுக்கு, எல்லோரும் மண்டபத்துக்குள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்றார். சத்தமாகவே சொன்னார், மற்றவர்களுக்குக் கேட்கும்படி. பை தோளில். பாத்ரூம் இடப்பக்கம். இவர் வலப்பக்கம், பெரிய வாசலுக்கு நடந்தார். ஓடவில்லை. கூப்பிட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கத்தியிருந்தால் ஹான் திரும்பியிருப்பாள். வாசலில் நிற்பார், திரும்பிப் பார்ப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கவில்லை.

ஹான் எண்ணினாள். பத்து. திரும்ப எண்ணினாள். ஆண்கள் பாத்ரூமுக்கு நானாவை அனுப்பினாள். பிறகு என்னிடம் வந்தாள். எங்கே உங்கள் கணவர். தெரியாது என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அதன் பிறகு என்னிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பின்னேரம் குடிவரவு ஆபீஸ். மூன்று மணி நேரம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், நானும் ஓடிவிடுவேன் என்று. மொழிபெயர்க்க போனில் ஓர் ஆள், சிங்களத்தில். தமிழ் இல்லையாம். அதனால் சிங்களத்தில் பொய் சொன்னேன். கணவர் போகப்போவது உங்களுக்கு முன்பே தெரியுமா? தன்னே நே, தெரியாது. பணம் யார் கொடுத்தது? தன்னே நே. அது ஒன்றுதான் உண்மை.

நவம்பர் 15, சனி. விமான நிலையம்.

மற்ற ஒன்பது பேரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். என்னால். நானாவின் மனைவி என் பக்கத்துக் கதிரையிலிருந்து எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். அவர் அழுதிருக்கிறார். எழுபது வயதில் போலீஸ் மாதிரி ஆட்கள் கேள்வி கேட்டால் யார்தான் அழமாட்டார்கள்.

கொஞ்சம் கழித்து நானா மட்டும் வந்தார்.

"நான் ஒண்டும் கேக்க மாட்டேன் டீச்சர். ஆனா இனி எங்கட ஊர் ஆக்கள் வந்தா, இவங்க எப்பிடிப் பாப்பாங்க, அத மட்டும் யோசிங்க."

யோசித்தேன். விமானத்துக்குக் கூப்பிடும்வரை அதைத்தான் யோசித்தேன்.

ஹான் வழியனுப்ப வரவில்லை. வேறொருவன் வந்தான். அவளுக்கு வேலை போகுமா என்று கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தான்.

நவம்பர் 16, ஞாயிறு.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நேரே ராகலை. பஸ் மூன்று மாறி. உடம்பு முறிந்தது.

மாலா தேத்தண்ணி தந்தாள், சோறு போட்டாள். மச்சான் எங்கே என்று கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து, நோகக் கூடாது என்று இருந்திருப்பாள். நல்லவள். நிவேயைக் கூட்டிக்கொண்டு மாலை ஹட்டன். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தாள். கொழும்பில் அப்பாவுக்கு ஒரு வேலை என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 17, திங்கள். ஹட்டன்.

மூடுபனி. பள்ளிக்கூடம். ஸ்டாஃப் ரூமில் சாக்லேட் கொடுத்தேன். ஐஸ் இருந்ததா, கடல் எப்படி, சாப்பாடு என்ன. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அழகான இடம் என்றேன். அழகான இடம்தான், அதில் என்ன.

ஏஜென்டிடமிருந்து போன். இவர் நல்லபடியாகச் சேர்ந்துவிட்டாராம், கவலைப்படாதீர்கள் டீச்சர் என்றார். எங்கள் படத்தைத் தன் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார். பட்டுச்சேலை, ஸ்வெட்டர், பின்னால் கடல். மேலே, 'தம்பதிகளுக்கான விசேட சுற்றுலா'. எடுத்துவிடுங்கள் என்றேன். சரி என்றார். பிறகு ஓர் உதவி கேட்டார். அந்த மேசையில் நான் என்ன பேசினேன் என்பதை அப்படியே எழுதித் தர வேண்டுமாம், அடுத்துப் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க.

போனை வைத்தேன். திரும்ப அழைத்தார். வைத்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்.

தரம் 7 பரீட்சைத் தாள் பாதி திருத்தினேன். கேஸ் முடிந்தது. சிலிண்டர் மாற்றுவது எப்போதும் இவர். பக்கத்து வீட்டில் கேட்கப் பிடிக்காமல் நானே தூக்கினேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது.

இவரிடமிருந்து ஒரு மெசேஜ், தெரியாத நம்பரில். "நல்லா இருக்கேன். குளிர். நிவேக்குச் சொல்லாத." பதில் போடவில்லை.

நவம்பர் 19, புதன்.

மழை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நிவேயிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் சொல்லாதே என்றதாலேயே. இந்த வீட்டில் இனி யாரையும் ஏமாற்ற வேண்டாம் என்று நினைத்தேன். உட்கார வைத்து, தண்ணீர் குடித்து, தொண்டையைச் சரிபண்ணி, அப்பா கொழும்பில் இல்லை, அங்கேயே தங்கிவிட்டார், எப்போது வருவார் என்று தெரியாது என்று முழுவதும் சொன்னேன்.

அவள் அழவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் கையைத் தொட்டாள்.

"எனக்குத் தெரியும்மா. போறதுக்கு முந்தியே அப்பா எங்கிட்ட சொன்னாங்க. சித்திக்கும் தெரியும்."

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்டேன்.

"ஒங்க மூஞ்சி காட்டிக்குடுத்துரும்னு அப்பா சொன்னாங்க. நீங்க நெசமாவே சந்தோசமா இருந்தாத்தான் அந்த ஊர் ஆபீசருங்க நம்புவாங்களாம்."

ராகலைக்கு நாலு தடவை அழைத்தேன். மாலா எடுக்கவில்லை.