கேமராவுக்கு மின்சாரம் போதுமா

மார்ச் 9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். துவைத்த துணி இன்னும் வாளியில். வீட்டிலிருந்தே வேலை, எண்ணூரிலிருந்து கிண்டி வரை பஸ்ஸில் இடிபட வேண்டாம்.

எங்கள் செயற்கைக்கோளுக்கு இம்முறை புது வகை சோலார் பேனல். பாய் மாதிரி சுருட்டி அனுப்பினோம், மேலே போய் அழகாக விரிந்துவிட்டது. எவ்வளவு மின்சாரம் தரும் என்ற கணக்கு என்னுடையது. என் கணக்கில் குறைவு, மேலிருந்து வரும் அளவில் அதிகம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குறைந்ததைத்தான் நம்ப வேண்டும், கேமராவை அணைத்துவிடுவோம் என்கிறார் எங்கள் குழுத் தலைவர் முரளி சார். வெள்ளிக்கிழமை முடிவு. கேமரா ஓடாவிட்டால் எதற்கு அனுப்பினோம்? ஒரே கடுப்பு.

மார்ச் 10, செவ்வாய்
பார்த்தவை: சூரியக் கோணம். பேனல் சூடு. ஒன்றின் நிழல் மற்றதில். எல்லாம் சரி. வித்தியாசம் மட்டும் அசையவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டுக் கழுத்து வலியோடு வந்தார் என் வீட்டுக்காரர் அந்தோணி. "இன்னா மே, ஜாஸ்தியா வந்தா நல்லதுதான? அதுக்கு ஏன் மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற?"

காரணம் தெரியாமல் வருவதை நம்பி ஓட்டி, பேட்டரி படுத்தால் எல்லாம் போச்சு. இதை மனிதருக்குப் புரியவைப்பதற்குள் வஞ்சிரம் கருகிவிட்டது. தின்றோம்.

மார்ச் 12, வியாழன்
கண்டுபிடித்தேன்! தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் மொட்டைமாடி பேனலுக்காக முன்பு எழுதிய கணக்கை எடுத்து வைத்துத்தான் இதை ஆரம்பித்தேன். அதில் 'சாம்பல் இழப்பு' என்று ஒரு வரி, அனல்மின் நிலையச் சாம்பல் பேனலில் படிந்து குறைக்கும் மின்சாரத்துக்காக. எண்ணூரில் அது இல்லாமல் எந்த மாடிக் கணக்கும் சரிவராது. எனக்கு அது வெயில் மாதிரி, எங்கேயும் இருப்பது. விண்வெளிக் கணக்கிலிருந்து அதை எடுக்கவே தோன்றவில்லை.

எடுத்தேன். வரைபடத்தில் கோடு இரண்டும் ஒன்றாகிவிட்டன.

முரளி சாரிடம் போனில் சொன்னேன். "விண்வெளியில சாம்பல் கொட்டின முதல் ஆள் நீதாம்மா" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

மார்ச் 13, வெள்ளி
கேமரா ஓடும்! கூட்டத்தில் கைதட்டல், கூடவே கிண்டல். அசடு வழிந்தபடி வாங்கிக்கொண்டேன். அத்தனை சந்தோஷம்.

சாயங்காலம் கை சும்மா இருக்கவில்லை. மாடி பேனல் கணக்கிலும் அந்த வரியை எடுத்துப் பார்த்தேன். கோடு ஏறியது. நல்ல ஏற்றம். மீன் கழுவிக்கொண்டிருந்த அந்தோணியைக் கூப்பிட்டேன். சாம்பல் விழாவிட்டால் நமக்குக் கிடைக்க வேண்டியது இது என்றேன்.

ஈரக் கையோடு நின்று பார்த்தார்.

"இவ்ளோவா? இத்த யாராண்ட மே காட்டணும்?"