ஐந்து பாட்டில் தண்ணீர்

1949 மார்ச் 3

பன்னிரண்டாவது மனுவை இன்று எழுதி முடித்தேன். முந்தைய பதினொன்றையும் கலெக்டர் சமூகத்தின் மேன்மையைப் புகழ்ந்து ஆரம்பித்துப் பலனில்லை. இதில் நேராகத் தண்ணீருக்கே வந்துவிட்டேன். மணல்விளையில் கிணறு ஐந்து. ஐந்திலும் உப்பு. பருப்பு வேகாது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் தேரி என்கிற செம்மணல் மேட்டில் இரண்டு மைல் நடந்து கடலோர ஊற்றுக்குப் போகவேண்டும். பெண்கள் போகிறார்கள். ஆண்கள் குடம் தூக்கும் வழக்கம் இங்கே இல்லை.

என் மனைவி முத்துக்கனி புதுக்கோட்டைக்கு, அவள் அப்பா வீட்டுக்குப் போய் ஏழு மாதம். தினம் இரண்டு நடை நடந்தவள். பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "என் இடுப்பு ஒங்க ஊர்க் குடத்துக்குன்னே பொறந்தது இல்ல. ஊருக்குள்ள நல்ல தண்ணி வந்தா சொல்லி அனுப்புங்க, வாரேன்."

அதற்காகத்தான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வேறென்ன செய்ய முடியும்?

மார்ச் 11

பதில் வந்தது! மூன்று முறை படித்தேன். கடற்கரை ஊர்களில் நிலத்தடி நீரை ஆராயத் தூத்துக்குடிக்கு ஒரு குழு வந்திருக்கிறதாம். நம் ஊரும் பட்டியலில் இருக்கிறது. தண்ணீர் உப்பு என்று சோதனையில் தெரிந்தால் ஆழ்கிணறு நிச்சயம்.

மார்ச் 15

வந்தார்கள். ஜீப் தேரியில் புதைந்தது. ஊரே கூடித் தள்ளியதில் பாதி நாள் போயிற்று. ஜேசுபாதம் என்ற நிலவியல் அதிகாரி மண்ணைக் கிள்ளிப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். தாகத்துக்கு நாலு ஓலைப்பட்டை பதநீர் குடித்தார். இந்த ஊர்த் தண்ணீரை மட்டும் தொடவில்லை.

"மாஸ்டர், நீங்க படிச்சவர். கிணத்துக்கு ஒண்ணா நிரப்பி, அரக்கு வச்சு, கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. யாரும் வாய் வைக்கக் கூடாது, ரிசல்ட் கெட்டுடும்" என்று ஐந்து பாட்டில்களைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 17

பார்த்து இன்றைக்கா பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரவேண்டும்? வகுப்பை விட்டு நகர முடியவில்லை. எனக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து போடும் பக்கத்து வீட்டுச் சீனித்தாய் அக்காவிடம் பாட்டில்களைக் கொடுத்து, எது எந்தக் கிணற்றுக்கு என்று விளக்கினேன். மாலையில் நிரப்பிக் கொண்டுவந்தாள். ஐந்துக்கும் அரக்கு வைத்து, 'என் முன்னிலையில் எடுக்கப்பட்டது' என்று கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். யார் முன்னிலையில் எடுத்தால் என்ன, உப்பு உப்புதானே.

ஏப்ரல் 20

பதில் இல்லை. கிணற்றுக்கு இடம் பார்த்து வைத்துவிட்டேன். நம் வீட்டுக்குப் பத்தடியில்.

மே 9

அறிக்கையின் நகல் வந்தது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

'மணல்விளையின் ஐந்து கிணறுகளிலும் ஒரே தரத்தில் மிகச் சிறந்த நன்னீர் உள்ளது. தேரி மணலுக்கு அடியில் பரந்ததொரு நன்னீர் ஓட்டம் இருப்பதை இது ஐயமின்றிக் காட்டுகிறது. இவ்வூருக்குப் புதிய கிணறு தேவையில்லை.'

ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். துப்பினேன். நேரே சீனித்தாய் அக்காவிடம் போனேன்.

"எங்கக்கா புடிச்ச?"

"ஊத்துலதான். அஞ்சையும் தூக்கிக்கிட்டு வேகாத வெயில்ல போய்ப் புடிச்சேன்."

"கிணத்துலல்லா புடிக்கச் சொன்னேன்!"

"நல்லாருக்கே கதை! சர்க்காரு நம்மகிட்ட வாய்விட்டுத் தண்ணி கேக்கு. அதுக்குப் போயி உப்புத் தண்ணியக் குடுக்கச் சொல்லுதீயளா? ஊரு மானம் என்னாவுது வாத்தியாரய்யா?"

யார் வீட்டு வாசலில் யார் வந்து கேட்டாலும் இந்த ஊரில் உப்புத் தண்ணீர் கொடுத்ததில்லை. அந்த அக்கா மேல் கோபப்படவும் முடியவில்லை. கையெழுத்து என்னுடையது.

மே 10

நடந்ததை மறைக்காமல் எழுதித் தபாலில் சேர்த்தேன்.

மே 26

பதில்: 'முத்திரை பழுதின்றி இருந்தது. கையொப்பமும் தங்களுடையதே. எனவே தங்கள் கடிதத்தைத் தங்களுக்கு எதிரான சாட்சியமாக ஏற்க இயலவில்லை. கிணறு வேறு ஊருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது.'

நான் பொய்யன் இல்லை என்பதில் சர்க்கார் உறுதியாக இருக்கிறது.

ஜூன் 7

பத்திரிகையில் வந்துவிட்டது. 'தேரிக்கு அடியில் மறைந்தோடும் நன்னீர்.' ஜேசுபாதம் படம் இருக்கிறது. பதவி உயர்வாம். மாமனார் கடைக்குத் தினமும் பத்திரிகை வரும். கடவுளே, இன்றைக்கு மட்டும் வந்திருக்கக் கூடாது.

ஜூன் 9

வந்துவிட்டாள். மாட்டுவண்டி, பெட்டி, கையில் அந்தப் பத்திரிகை. மெலிந்திருக்கிறாள். "நீங்க எழுதி எழுதியே வரவச்சிட்டீயளே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து பத்து மாதத்துக்கு மேல் ஆகிறது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியா?" என்றுதான் வந்தது. வெட்கங்கெட்டவன்.

ஜூன் 10

விடியுமுன் ஊற்றுக்குக் கிளம்பினேன். ஒரு குடம். கணுக்கால் வரை மணல் இழுக்கிறது. திரும்புகிற வழியில் ஐந்து இடத்தில் இறக்கி வைத்தேன். பாதித் தண்ணீர் சட்டையில். இதை இடுப்பில் வைத்துத் தினம் இரண்டு நடை — நான் நாற்காலியில் உட்கார்ந்து மனு எழுதினேன். பன்னிரண்டு மனு! ஒரு நாளாவது இந்தக் குடத்தை நான் வாங்கியதுண்டா? தோன்றவே இல்லையே. ச்சே.

அவளிடம், "கிணத்தடி வழுக்குது, நானே எறச்சித் தாரேன்" என்றேன்.

ஜூன் 13

பனை ஏறப் போகிற செந்தூர்பாண்டி பார்த்துவிட்டான். "என்ன வாத்தியாரே, குடமும் கையுமா? வீட்டம்மா ஊருக்கு வந்த பெறவுமா?" ஊர் முழுக்கச் சிரிப்பு. பையன்கள்கூடக் கரும்பலகையில் குடம் வரைந்து வைத்திருந்தார்கள். நன்றாகவே வரைந்திருந்தார்கள்.

ஜூன் 17

பருப்பு மலர வெந்திருந்தது. "சர்க்கார் தண்ணியில்லா" என்றாள் முத்துக்கனி, என் முகத்தைப் பார்க்காமல். தோள் காய்ப்பில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஜூன் 23

இன்று அசந்து தூங்கிவிட்டேன். விடிந்தேவிட்டது. தலைமாட்டில் முத்துக்கனி. கையில் ஒன்றுக்கு இரண்டாகக் குடம்.

"சீனித்தாய் மதினி நான் வந்த அன்னைக்கே எல்லாம் சொல்லிட்டாக" என்றாள்.

பெட்டியைப் பார்த்தேன். கட்டாமல் மூலையில் இருந்தது.

"அங்கன என்ன பாக்கீய? எந்திரிங்க. தேரிக்கு அடியில ஓடுத தண்ணி இன்னைக்கு இம்புட்டு நேரமாயும் வீடு வந்து சேரல."

இரண்டு குடத்தையும் வாங்கிக்கொண்டு நடந்தேன்.